மின்சாரம் பழத்தில் இல்லை

[காட்சி: சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையல் மேடை. எலுமிச்சம்பழம், செம்புக் கம்பி, ஆணி, மல்டிமீட்டர்.]

தேக்கா சந்தையில் வாங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று. ஒரு பக்கம் செம்புக் கம்பியைக் குத்துகிறேன். மறுபக்கம் துத்தநாகம் பூசிய ஆணி. ஹார்டுவேர் கடையில் வெள்ளையாக மினுக்குமே, அதுதான். இரண்டும் உள்ளே ஒன்றை ஒன்று தொடக்கூடாது. மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரின் முனைகளை வைத்தால் 0.9 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டுகிறது.

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் அக்கா மகள் உடனே கேட்டாள்: "சித்தி, பழத்துக்குள்ள இவ்வளவு கரண்ட் இருக்கா?"

நல்ல கேள்வி. பழத்தையே விசாரிப்போம்.

[காட்சி: ஆணியை எடுத்துவிட்டு இன்னொரு செம்புக் கம்பி குத்தப்படுகிறது. எண் சுழிக்குப் பக்கத்தில் விழுகிறது.]

பழம் அதே பழம், சாறு அதே சாறு. இரண்டு பக்கமும் செம்பு என்றதும் ஒன்றுமில்லை. சரி, பழைய ஆணியைத் திரும்பக் குத்தி, பழத்தை மாற்றுவோம். உருளைக்கிழங்கு, ஒரு கிண்ணம் வினிகர், அப்புறம் ரசத்துக்குக் கரைத்த புளித்தண்ணீர். எண் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், ஆனால் செத்துப்போகாது. அப்படியென்றால் மின்சாரத்தின் வேர் இரண்டு உலோகங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது.

இதே குழப்பம் இத்தாலியில் இரண்டு பெரிய அறிஞர்களுக்கு நடுவே வந்தது. கால்வானி, செத்த தவளையின் காலை இரண்டு வேறு உலோகங்களால் தொட்டார், கால் துடித்தது. மின்சாரம் தவளையின் உடலுக்குள் இருக்கிறது என்றார். வோல்ட்டா ஒப்பவில்லை. தவளையே இல்லாமல் வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, இடையில் உப்புநீரில் நனைத்த துணி என்று மாற்றி மாற்றி அடுக்கினார். 1800-ல் உலகின் முதல் பேட்டரி பிறந்தது. நம் எலுமிச்சை அந்தத் தவளையின் இடத்தில்தான் இருக்கிறது.

[காட்சி: நீலக் கரைசலில் துத்தநாகத் தகடு.]

உள்ளே நடப்பதைப் பார்க்க மயில்துத்தம் வேண்டும். பள்ளியில் காப்பர் சல்பேட் என்பார்கள். நஞ்சு, ஆகவே ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். நீலக் கரைசலில் துத்தநாகத் தகட்டை விடுகிறோம். சில நிமிடங்களில் தகட்டின்மேல் செம்பழுப்பாக ஏதோ படிகிறது. கொஞ்சம் படிந்ததும் உதிர்கிறது. நீலம் மெல்ல வெளுக்கிறது. குடுவையைத் தொட்டால் லேசான சூடு.

படிந்தது செம்பு. துத்தநாக அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைசலுக்குள் போகிறது. கரைசலில் இருந்த செம்பு அயனி, அதாவது எலக்ட்ரான் குறைந்த செம்பு அணு, அவற்றை வாங்கிக்கொண்டு உலோகமாகிறது. எலக்ட்ரானை இழப்பது ஆக்சிடேஷன், வாங்குவது ரிடக்ஷன். கொடுப்பவர் இல்லாமல் வாங்குபவர் இல்லை. இரண்டும் எப்போதும் சேர்ந்தே நடக்கும்.

ஆனால் இங்கே மின்சாரம் கிடைத்ததா? இல்லை, சூடுதான். எலக்ட்ரான் நேராகக் கைமாறிவிட்டது.

இந்த இடத்தில் தயவுசெய்து நிறுத்தி ஒருமுறை யோசியுங்கள், ஏனென்றால் மின்வேதியியல் முழுக்க இதில்தான் நிற்கிறது. கொடுப்பவரையும் வாங்குபவரையும் பிரித்து உட்காரவைத்து, நடுவே ஒரு கம்பியை மட்டும் வழியாக விட்டால்? எலக்ட்ரான் அந்தக் கம்பி வழியாகத்தான் போயாக வேண்டும். போகிற வழியில் விளக்கை வைத்தால் எரியும். 1836-ல் ஆங்கில வேதியியலாளர் டேனியல் அதைத்தான் செய்தார்: துத்தநாகம் ஒரு கரைசலில், செம்பு இன்னொன்றில், நடுவில் நுண்துளைச் சுவர். கிடைப்பது சுமார் 1.1 வோல்ட்.

எலுமிச்சையில் துத்தநாகம் கொடுக்கிறது, சாற்றிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் செம்பின் மேற்பரப்பில் வாங்குகின்றன. சாறு வேறொரு வேலையும் செய்கிறது: அயனிகள் நகர வழிவிட்டு, சுற்றை உள்பக்கமாக மூடுகிறது. ஒரு பழம் எல்இடியை எரிக்காது. சிவப்பு எல்இடிக்கே சுமார் 1.8 வோல்ட் வேண்டும். மூன்று நான்கு பழங்களைத் தொடராக இணைத்து, அறை விளக்கை அணைத்துப் பாருங்கள், மங்கலாகத் தெரியும். துத்தநாகம் கரைந்த பழம், அதனால் ஜூஸ் பிழியாமல் குப்பையில் போடுங்கள்.

தமிழில் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆனோடை நேர்மின்வாய் என்கிறோம். மின்பகுப்பில், அதாவது வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தி ஒரு பொருளைப் பிரிக்கும்போது, அது சரி. பேட்டரி மின்சாரம் தரும்போது ஆனோடு எதிர்மின்னூட்டப் பக்கம்! ஆக்சிடேஷன் நடக்கும் இடம் ஆனோடு என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், எங்கேயும் தவறாது.

[காட்சி: கறுத்த வெள்ளிக் கொலுசு, கண்ணாடிக் கிண்ணத்தில் அலுமினியத் தாள்.]

கடைசியாக, பாட்டியின் கொலுசு. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்களால் வெள்ளி, வெள்ளி சல்பைடாகிக் கறுக்கிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசு அதைத் தொடும்படி வையுங்கள். இரண்டு கரண்டி சமையல் சோடா, மேலே கொதிநீர். கல், முத்து பதித்த நகையை இப்படிப் போடாதீர்கள். வேலைப்பாட்டுக்காகக் கறுப்பேற்றிய வெள்ளியையும் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவையுங்கள், அழுகிய முட்டை வாடை லேசாக வரும். சல்பைடிலிருந்து விடுபட்ட கந்தகம் ஹைட்ரஜனோடு சேர்ந்து வெளியேறும் வாடை அது.

இங்கே கொடுப்பவர் அலுமினியம், வாங்குபவர் கறுப்புக்குள் சிக்கிய வெள்ளி அயனி. பொடி போட்டுத் தேய்த்தால் அந்த வெள்ளி பொடியோடு போய்விடும். இங்கே அது கொலுசிலேயே திரும்ப உலோகமாகிறது.

[காட்சி: மணிகளுக்கு நடுவே கறுப்பு விலகுகிறது. கொலுசை எடுத்ததும், அது கிடந்த இடத்தில் தாள் மங்கி நிறம் மாறியிருக்கிறது.]