கேஷும் காசும்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கேஷ். காய்கறிக் கடையில் "கேஷா, ஜிபேயா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ்.

இந்தச் சொல்லைப் பற்றி நம் மேடைகளில் ஒரு செய்தி வெகுநாளாக உலவுகிறது. தமிழ்க் காசுதான் கப்பலேறிப் போய் ஆங்கிலத்தில் கேஷ் ஆனது என்பார்கள். உடனே கைதட்டல் எழும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். அந்தச் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி உண்மை என்று பிரித்துச் சொன்னால், கைதட்டல் வாங்கும் கதையைவிடப் பெரிய கதை ஒன்று கிடைக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, பிறந்த வீடு மட்டும் வேறு வேறு. தமிழில் நெல் அளக்கும் படியும் பாடம் படி என்பதும் ஒரே எழுத்தில் இருக்கின்றன அல்லவா, அந்த மாதிரி. பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினால் இரண்டு கேஷும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும்.

முதல் கேஷ், இன்று உலகமெல்லாம் புழங்குவது, ஐரோப்பியச் சொல். லத்தீன் மொழியில் காப்ஸா என்றால் பெட்டி. அது இத்தாலியில் காஸ்ஸா ஆனது, பிரெஞ்சில் கேஸ் ஆனது. வியாபாரிகளின் பேச்சில் அதற்குப் பணப்பெட்டி என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அதே பொருளில்தான் வந்தது. 1598இல் ஜான் ஃபுளோரியோ என்பவர் இத்தாலிய–ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டார். அதில் காஸ்ஸா என்பதற்கு வணிகரின் கேஷ் என்று ஒரு பொருள் எழுதுகிறார். அந்த இடத்தில் கேஷ் என்றால் ரூபாய் நோட்டோ நாணயமோ இல்லை, கடையில் பணம் போட்டு வைக்கும் பெட்டி.

பெட்டியின் பெயர் பணத்துக்கு எப்படி வந்தது என்று தமிழர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. கடைக்காரர் பணம் போடும் பெட்டிக்குக் கல்லா என்று பெயர். "இன்னிக்குக் கல்லா எப்படி?" என்று கேட்டால் பெட்டியின் நிறத்தையா கேட்கிறோம்? படம் நன்றாகக் கல்லா கட்டியது என்கிறோம். பெட்டியைச் சொல்லி உள்ளே இருப்பதைக் குறிக்கிற அதே பழக்கம்தான் அங்கேயும் வேலை செய்திருக்கிறது. வருடா வருடம் நாம் உட்கார்ந்து கேட்கிற பட்ஜெட்டும் அப்படித்தான்: பூஜெத் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சின்னத் தோல் பை என்று பொருள். கேஷியர் என்பவரும் முதலில் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பாளர்தான். 1694இல் தொடங்கிய இங்கிலாந்து வங்கியின் நோட்டுகளில் இன்றைக்கும் தலைமைக் கேஷியர்தான் கையெழுத்துப் போடுகிறார்.

இங்கே ஒரு சின்ன விஷயம். நம் அலுவலகங்களில் 'பெட்டி கேஷ்' என்று ஒன்று உண்டு. டீ, தபால், ஆட்டோ செலவுக்கு எடுத்து வைக்கிற சில்லறை. பெட்டியில் வைப்பதால்தான் அந்தப் பெயர் என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் அந்தப் பெட்டி, சிறியது என்று பொருள்படும் பெத்தி என்ற பிரெஞ்சுச் சொல். கேட்பதற்குத் தமிழ் மாதிரி இருக்கிறது, தமிழ் இல்லை. உண்மையில் அந்தத் தொடரில் பெட்டி என்ற பொருளை உள்ளே வைத்திருப்பது இரண்டாவதாக நிற்கிற கேஷ். காதில் விழும் ஒலியை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் வழி தவறுவோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, இந்தக் கேஷ் தமிழிலிருந்து போகவில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். லூக்கா பச்சோலி என்ற இத்தாலியக் கணித அறிஞர் 1494இல் வெனிஸ் நகரில் ஒரு பெரிய நூலை அச்சிட்டார். ஒவ்வொரு வரவுசெலவையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கும் முதல் அச்சு நூல் அது. அதில் கணக்குப் பதியும்போது காஸ்ஸா என்ற தலைப்பில் ரொக்கத்தைக் காட்டுகிறார். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தது 1498. ஆங்கிலேயர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600இன் கடைசி நாளில். அவர்கள் சோழமண்டலக் கரையில் மசூலிப்பட்டினத்தில் கடை விரித்தது 1611. அதற்கெல்லாம் முன்பே லண்டனில் ஃபுளோரியோவின் அகராதி வந்துவிட்டது. அப்போது ஆங்கிலேயக் கம்பெனிக்கு நம் கரையில் ஒரு கடைகூட இல்லை.

பொருள் அதற்குப் பிறகும் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. கேஷ் என்றால் என்ன என்பதை, எதற்கு எதிராக அதைச் சொல்கிறோம் என்று பார்த்தால்தான் பிடிபடும். ஒரு காலத்தில் கடனுக்கு எதிர்ச்சொல் அது, கையில் கொடுத்தால் கேஷ். பிறகு செக்குக்கு எதிர்ச்சொல்லாக நின்றது, பிறகு கார்டுக்கு. இப்போது கைப்பேசிக்கு. வங்கிக் கணக்கிலிருந்து நொடியில் பணம் போய்ச் சேர்ந்தாலும் அதைக் கேஷ் என்று கடைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் கணக்குத் தணிக்கையாளரைக் கேளுங்கள்: கம்பெனியின் ஆண்டறிக்கையில் கேஷ் என்ற தலைப்பின் கீழ், கேட்டவுடன் எடுக்கக்கூடிய வங்கி இருப்பும் சேரும். வருமான வரிக்காரர்களுக்கு மறுபடியும் கைப்பணம்தான் கேஷ். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ அப்படி வாங்கக் கூடாது என்று 2017இல் சட்டமே போட்டார்கள்.

இனி இரண்டாவது கேஷ். இதுதான் நம்முடையது.

காசு தமிழில் நாணயமாக மட்டும் இருந்ததில்லை. குறுந்தொகையின் 67ஆம் பாட்டைப் பாருங்கள். அள்ளூர் நன்முல்லை பாடியது. கிளி ஒன்று தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது. அதைப் பார்த்தால், பொற்கொல்லர் கூரிய நகத்தால் ஒரு பொன்மணியைப் பிடித்துப் புதுநூலில் கோப்பது போல இருக்கிறதாம். அந்தப் பொன்மணிக்கு அவர் வைத்த சொல் காசு: 'பொலங்கல ஒருகாசு'. வேப்பம்பழத்தின் அளவு, அந்த மஞ்சள், அந்த மினுமினுப்பு. எவ்வளவு துல்லியமான கண்! காசு அங்கே நகையில் கோக்கும் மணி. சிலப்பதிகாரத்தில் 'காசறு விரையே' என்று கோவலன் கண்ணகியைக் கொஞ்சும் இடத்தில் காசுக்குக் குற்றம் என்று பொருள்.

ஏழாம் நூற்றாண்டுக்கு வந்தால் காசு முழுக்க நாணயம். திருவீழிமிழலையில் பஞ்சம். ஊருக்குச் சோறு போட அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஆளுக்கொரு பொற்காசு தந்தான் என்பது வரலாறு. அப்பருக்குக் கிடைத்த காசு கடைத்தெருவில் முழு மதிப்புக்குப் போனது. சம்பந்தரின் காசுக்கு வட்டம் பிடித்தார்கள், அதாவது மாற்றுக் குறைவென்று தள்ளுபடி கேட்டார்கள். அதனால் அவர் மடத்தில் உலை வைக்கத் தாமதம். அப்போது பாடியதுதான் 'வாசி தீரவே, காசு நல்குவீர்'. வாசி என்றால் அந்தத் தள்ளுபடி. தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் நாணயத்தை உரசிப் பார்த்து மாற்று சொல்லும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு தேவாரப் பாட்டே சாட்சி நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்துக் காசு வட்டிக்கு விடப்படுகிறது: ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, நூற்றுக்குப் பன்னிரண்டரை.

வடமொழியில் கர்ஷ என்று ஓர் எடைப்பெயர் உண்டு, காசு அதிலிருந்து வந்தது என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். குறுந்தொகையின் பொன்மணியை நினைத்தால் அது எனக்கு ஒட்டவில்லை. ஆனால் இது முடிந்துபோன வழக்கு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

போர்ச்சுகீசியர்கள் வந்தபோது, பொன்னாக இருந்த காசு செம்புச் சில்லறையாக இறங்கியிருந்தது. அவர்கள் காதில் காசு என்று விழுந்தது. அவர்கள் மொழியில் ஏற்கெனவே கைஷா என்று ஒரு சொல் உண்டு. அதற்குப் பொருள் என்ன தெரியுமா? பெட்டி! அதே லத்தீன் காப்ஸாவின் பிள்ளை. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லோடு ஒட்டவைப்பது மனித இயல்பு. காசைக் கைஷா என்றே எழுத ஆரம்பித்தார்கள். ஆங்கிலேயர்கள் முதலில் காஸ் என்று எழுதிப் பார்த்துவிட்டு, தங்கள் மொழியில் ஏற்கெனவே இருந்த கேஷோடு சேர்த்துவிட்டார்கள். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு சொற்கள் இப்படித்தான் ஒரே முகத்தோடு நிற்கின்றன. தரங்கம்பாடியில் 1620 முதல் இருந்த டேனிஷ்காரர்கள் மட்டும் இந்தக் குழப்பத்தில் மாட்டவில்லை. அவர்கள் அடித்த செப்பு நாணயங்களில் காஸ் என்றே பொறித்தார்கள். நம் உச்சரிப்புக்கு மிக நெருக்கமானது அதுதான்.

போர்ச்சுகீசியர்கள் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். அந்தப் பக்கத்துச் சந்தைகளில் நடுவே சதுரத் துளை போட்ட சீனச் செப்பு நாணயங்கள் கயிற்றில் கோத்துப் புழங்கின. அதற்கும் இந்தப் பெயரையே வைத்தார்கள். சீனர்கள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலிருந்தே அப்படிப்பட்ட நாணயங்களை வார்த்தவர்கள். அவர்கள் மொழியில் அதற்கு வேறு பெயர். ஆனால் நாணயம் சேகரிக்கும் ஆங்கிலேயர் யாரைக் கேட்டாலும் இன்றைக்கும் அதைக் கேஷ் என்பார். சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயர்! மேடையில் சொல்லி மகிழ வேண்டிய செய்தி என்றால் எனக்கு இதுதான்.

சென்னைக் கோட்டையில் கம்பெனியின் கணக்கு இப்படி ஓடியது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திரப் பகோடா. பகோடா என்றால் நம் வராகன். ஆங்கிலக் கணக்கேடுகளில் பணம் 'ஃபனம்' ஆனது, காசு 'கேஷ்' ஆனது. 1808ஆம் ஆண்டு போட்ட இருபது காசு ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், கேடயத்தைத் தாங்கி நிற்கும் சிங்கங்கள், கீழே ஆண்டு. மறுபக்கம் பாரசீக எழுத்தில், இருபது காஸ் நான்கு ஃபலூஸ் என்று ஒரு வாசகம்; ஃபலூஸ் என்பதும் ஒரு செப்பு நாணயத்தின் பெயர்தான். அதன் அடியில் ரோம எண்ணில் இருபது போட்டு, ஆங்கிலத்தில் கேஷ். ஒரே பக்கத்தில் காஸ் மேலே, கேஷ் கீழே. நாம் இவ்வளவு நேரம் பேசிய வரலாறு அந்தச் செப்புத் துண்டில் இரண்டு வரியில் இருக்கிறது. அடித்த இடம் சென்னையும் அல்ல, பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டன் என்ற தொழிலதிபரின் சோஹோ நாணய ஆலை. அந்த நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அருகே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் ஏராளமாக அள்ளிவந்தார்கள். இன்று விற்பனைக்குக் கிடைக்கும் பல இருபது காசுகள் கடலில் கிடந்தவை. நம்மூர்ச் சந்தையைப் பார்க்காதவை.

1818இல் சென்னை மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறியது. அதோடு கம்பெனியின் காசும் போனது. திருவிதாங்கூரில் மட்டும் இருபதாம் நூற்றாண்டின் பாதி வரை ஓடியது: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். நாஞ்சில் நாடு 1956 வரை அந்தப் பக்கம்தானே இருந்தது. அந்த நாணயங்களிலும் ஆங்கிலத்தில் கேஷ் என்றுதான் இருக்கும். வங்கிக் கவுண்டரில் நாம் பார்க்கிற கேஷ் வேறு, இந்தக் கேஷ் நம் காசு. நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கம் உறவினர்கள் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து அழிந்துவிடும். அப்படியே அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிப்போம். நன்றி.