முதல் வரியைத் தேடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமை சாயங்காலம், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. வாரச் சம்பளம் போடும் நேரம். "ஏனுங்க, ஸ்க்ரீன் சுத்திக்கிட்டே இருக்குதுங்க, சம்பளச் சீட்டு வரமாட்டேங்குது" என்று அக்கவுண்ட்ஸிலிருந்து போன் வருகிறது. ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். சர்வரைப் பார்த்துக்கொள்பவர் கை நேராக ரீஸ்டார்ட்டுக்குத்தான் போகும். போட்டால் சரியாகிவிடும். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் அதே போன் வரும். எது அடைத்துக்கொண்டு நின்றது என்ற தடயம் மெமரியோடு அழிந்துவிட்டதே!

ரீஸ்டார்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் அரை நிமிடம் ஒதுக்குங்கள் என்கிறேன். ஜாவாவில் ஓடும் டாம்கேட் சர்வர் என்றால், ஜேஸ்டாக் கட்டளையால் த்ரெட் டம்ப்பை, அதாவது சர்வருக்குள் ஓடும் ஒவ்வொரு த்ரெட்டும் (வேலை இழையும்) அந்த நொடியில் நிரலின் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியலை, 10 செகண்ட் இடைவெளி விட்டு மூன்று முறை எடுத்து ஃபைலில் போட்டு வையுங்கள். ஒன்றை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. வேலையில் இருக்கும் ஒரே த்ரெட் மூன்றிலும் ஒரே வரியில் நின்றால் அது மாட்டிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. பிறகு ரீஸ்டார்ட் போட்டுச் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள். மற்றதை லாக்கில், அதாவது சர்வர் தானே எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவில், தேடலாம்.

முன்னால் நின்று வேண்டுகோள்களை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ், உள்ளே டாம்கேட், அதற்கும் பின்னால் டேட்டாபேஸ் என்று மூன்று இடத்தில் லாக் கிடக்கும். பதிவுகளைச் சேமித்துத் தேடித் தரும் எலாஸ்டிக்சர்ச், அதைத் திரையில் காட்டும் கிபானா மாதிரிக் கருவிகள் அவற்றை ஒரே நேர வரிசையில் கோத்துத் தருகின்றன. அதனால் முதலில் நேரம் சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். எலாஸ்டிக்சர்ச் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வைத்துக்கொள்ளும். உங்கள் லாக் வரியில் 16:10 என்று இந்திய நேரம் இருந்து, எந்த மண்டல நேரம் என்ற குறிப்பு இல்லாமல் போனால், கருவி அதை யூடிசி என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அப்போது கிபானா ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி 21:40 என்று காட்டும். இன்னும் வராத நேரம் அது! கடைசி 15 நிமிடம் என்று தேடினால் திரை காலியாக இருக்கும். லாக்கே வரவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். லாக் வரியிலேயே +05:30 என்று எழுத வையுங்கள்.

ஜாவா பிழை ஒன்று ஐம்பது வரிகூட நீளும். தேதியில் தொடங்கும் வரிதான் புதுப் பதிவு, மற்றவை முந்தைய பதிவின் தொடர்ச்சி என்று கருவிக்குச் சொல்லிவைக்காவிட்டால், ஒரு பிழை ஐம்பதாக எண்ணப்படும்.

இனி தேடல். 16:10-லிருந்து டாம்கேட் லாக்கில் ஒரே வரி நூற்றுக்கணக்கில் நிற்கிறது: டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை, 30000 மில்லிசெகண்ட் காத்திருந்தேன் என்று. இது, டேட்டாபேஸ் இணைப்புகளைச் சேர்த்துவைத்துப் பகிர்ந்து தரும் ஹிகாரி கனெக்‌ஷன் பூலின் புலம்பல். அது காரணமில்லை, விளைவு. கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்றால் கடைமடையையா தோண்டுவோம்? வாய்க்கால் கரையோடு மேலே நடப்போம். 30 செகண்ட் காத்துவிட்டுத்தான் அந்த வரியே விழுகிறது; அப்படியானால் சிக்கல் அதற்கும் முன்னால். முதல் வரியைப் பிடித்து, அங்கிருந்து 10 நிமிடம் பின்னால் போங்கள். பிழை வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் இங்கே எதுவும் சிக்காது. மெதுவாக ஓடிய வேலை தன்னைப் பிழை என்று சொல்லிக்கொள்ளாது.

அதைக் காட்டுவது என்ஜின்எக்ஸின் அக்சஸ் லாக். வழக்கமான வடிவத்தில், ஒரு வேண்டுகோளுக்கு எத்தனை செகண்ட் ஆனது என்பது இருக்காது. ரிக்வெஸ்ட் டைம் என்ற புலத்தை நீங்களே சேர்க்க வேண்டும். இன்னொன்று: அந்த வரியில் உள்ள நேரம் வேலை முடிந்த நேரம். ஆன செகண்டைக் கழித்தால்தான் தொடங்கிய நேரம் தெரியும்.

கழித்துப் பார்த்தால், 16:04-லிருந்து ஒரே கம்ப்யூட்டரிலிருந்து மாத வருகைப் பதிவு அறிக்கைக்கு 499, 499 என்று வரிசையாக நிற்கிறது. ஆள் காத்திருக்கப் பொறுக்காமல் ரிஃப்ரெஷ் அழுத்தினால் வரும் எண் அது. 60 செகண்ட் பொறுத்திருந்தால், உள்ளிருந்து பதில் வரவில்லை என்று என்ஜின்எக்ஸே கைவிடும் 504 வந்திருக்கும். எதுவானாலும், டாம்கேட் உள்ளே பழைய வேலையை விடாமல் செய்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு ரிஃப்ரெஷ்ஷும் இன்னொரு கனெக்‌ஷனைப் பிடித்துக்கொள்ளும். ஹிகாரியில் நாம் மாற்றாவிட்டால் இருப்பது பத்தே கனெக்‌ஷன். பத்து தடவை அழுத்தியதும் சம்பளச் சீட்டுக்கு வழியில்லை. த்ரெட் டம்ப்பைத் திறந்தால் பத்து த்ரெட் அதே அறிக்கையின் வரியில் நிற்கும்.

பூலை 100 ஆக்கினால் நெரிசல் டேட்டாபேஸுக்கு மாறும், அவ்வளவுதான். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால், நேரம் எடுக்கும் க்வெரிகளை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை) எழுதிவைக்கும் ஸ்லோ க்வெரி லாக்கைப் போட்டுவிடுங்கள். அது தானாக ஓடாது, வரம்பும் 10 செகண்டாக இருக்கும். 1 செகண்டாகக் குறைத்தால், எந்த அட்டவணைக்குத் தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் இல்லை என்று தேட, அதில் விழும் க்வெரியே வழிகாட்டும். அறிக்கைப் பட்டனை ஒரு தடவைக்கு மேல் அழுத்த முடியாமல் செய்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நாம் மாற்றாவிட்டால், எலாஸ்டிக்சர்ச் இருக்கும் டிஸ்க் சுமார் 95 சதவீதம் நிரம்பினால் அது புதுப் பதிவுகளை வாங்காது. வரைபடம் அமைதியாக, பிழையே இல்லாதது போலத் தெரியும். ஆகவே பிழை எண்ணிக்கைக்கு மட்டுமல்ல, 10 நிமிடமாக ஒரு வரிகூட வரவில்லை என்றாலும் மணி அடிக்கும்படி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.