வெள்ளையாக முளைத்தால் நல்ல சேதிதான்

வணக்கம். பெங்களூரு அல்சூரில் ஒரு சலூன்காரர் இருக்கிறார், நம் வேலூர்ப் பக்கத்துக்காரர். யார் தலையிலாவது ஒரு ரூபாய்க் காசளவுக்கு வழுவழுவென்று சொட்டை கண்ணில் பட்டால், சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்ல மாட்டார். தோல் டாக்டரான என்னிடம் அனுப்பிவிடுவார்.

அப்படி வந்தவர் ஓர் ஐடி கம்பெனி இளைஞர். இந்த ஊரில் முடி கொட்டினால் எல்லாரும் போர்வெல் தண்ணீரைத்தான் திட்டுவார்கள், அவரும் திட்டினார். வந்திருந்தது புழுவெட்டு. பெயரில்தான் புழு, தலையில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் முடியின் வேரைத் தாக்குகிறது. சீப்பினால் ஒட்டாது, தலையணையினால் ஒட்டாது. 100 பேரில் சுமார் 2 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடியது.

மூன்று மாதம் கழித்துத் தொப்பியோடு வந்தார். "டாக்டரம்மா, முடி வந்துடுச்சு, ஆனா எல்லாம் வெள்ளை! ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்கப் போறோம்." தன் அம்மாவிடம் சொல்லிப் பாதியைப் பிடுங்கவும் வைத்திருந்தார். வந்த கோபத்துக்கு நான் போட்ட சத்தம் வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். ஐயா, அது நரை இல்லை, வேர் பிழைத்ததற்கு அடையாளம்!

இந்த நோய் பெரும்பாலும் கறுப்பு முடியைத்தான் குறிவைக்கும், வெள்ளையை விட்டுவிடும். நிறம் தயாரிக்கும் அணுக்களிலுள்ள ஏதோ ஒன்றுதான் அதற்குக் கோபம் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள். பாதி நரைத்தவருக்குக் கறுப்பு மட்டும் கொட்டினால், "ஒரே ராத்திரியில் நரைத்துவிட்டது" என்று தெருவே பேசும். திரும்ப முளைக்கும்போதும் அப்படித்தான். முதலில் முடி வரும், நிறம் பின்னால் வரும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தானே வளர்கிறது? பொறுங்கள். சில முடிகளில் நுனி வெள்ளையாகவும் அடி கறுப்பாகவும் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். சிலருக்கு வெள்ளையாகவே நின்றுவிடுவதும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பிடுங்காதீர்கள். மறுபடி சொல்கிறேன், பிடுங்காதீர்கள்.

பெண் வீட்டில் அவருடைய பின்மண்டையை யாருமே பார்க்கவில்லையாம். அது வேறு கதை.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சிகிச்சைக்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்கி வைத்திருந்தேன்... சரி, ஒரே மூச்சில்: சின்னச் சொட்டை பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே மூடிக்கொள்ளும், இல்லையென்றால் அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி. தலை முழுக்கப் பரவியவர்களுக்குப் பாரிசிட்டினிப் என்ற மாத்திரை. 2022-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள், டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடக்கூடாது. குழந்தைக்குச் செதில் செதிலாக உதிர்ந்து முடி கொட்டினால் அது படர்தாமரையாக இருக்கலாம், அது ஒட்டும், உடனே காட்டுங்கள். வணக்கம்.