ஒளி எங்கே புறப்பட்டது?

நேயர்களுக்கு வணக்கம்.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்று அழைத்திருக்கிறார்கள். நெடுங்காலம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். வானொலியில் படம் போட முடியாது. அதனால் என் தாத்தாவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நம் மொரீஷியஸில், மாஹேபூர் பக்கம் லகூனில், அதாவது பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத கடலில், தண்ணீர் வற்றும் நேரத்தில் தாத்தா ஊரித் பிடிக்கப் போவார். எட்டுக்கால் கணவாயைத்தான் நாம் ஊரித் என்கிறோம். எனக்குப் பத்து வயது இருக்கும். முழங்கால் ஆழத் தண்ணீரில் நான்கு அடி தள்ளி ஒன்று பவளக்கல் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. நன்றாகத் தெரிந்தது. இரும்புக் கம்பியைப் பார்த்த இடத்துக்கே நேராகச் செருகினேன். கம்பி அதைத் தாண்டி மணலில் குத்தியது. ஊரித் மையைக் கக்கிவிட்டுப் போய்விட்டது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை தாத்தா என் கையைப் பிடித்து, நம் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலும் தமிழும் கலந்து சொன்னார்: "தெரியிற இடத்துல குத்தாதே. உன் காலுக்குக் கொஞ்சம் கிட்ட, கீழே குத்து." குத்தினேன், கிடைத்தது. அன்று இரவு வீட்டில் ஊரித் கறி.

தாத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கண் காட்டும் இடம் வேறு, பொருள் இருக்கும் இடம் வேறு என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்று அவரிடம் கேட்டேன். தண்ணீர் அப்படித்தான் என்றார். அந்த ஏன் என்னைப் பல வருடம் விடவில்லை.

சரி, இப்போது பிள்ளைகளிடம் ஒரு கேள்வி. ஊரித்தைப் பார்க்கும்போது ஒளி எங்கே புறப்படுகிறது? வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் கண்ணிலிருந்து ஊரித்துக்கு அம்புக்குறி போடுவார்கள். அங்கேதான் கணக்கு முழுதும் தலைகீழாகிறது. சூரிய வெளிச்சம் ஊரித்தின் மேல் பட்டு, அங்கிருந்து புறப்பட்டு, தண்ணீரை விட்டு வெளியே வந்து நம் கண்ணுக்கு வருகிறது. வெளியே வரும் இடத்தில் வளைந்து திரும்புகிறது. கண்ணுக்கு அந்தத் திருப்பம் தெரியாது. ஒளி நேராகத்தான் வந்தது என்று எடுத்துக்கொண்டு, ஊரித்தை இருக்கும் இடத்துக்கு மேலே காட்டுகிறது. நேர் மேலே நின்று பார்த்தால்கூட நான்கு அடி ஆழம் மூன்று அடியாகத்தான் தெரியும். பிள்ளைகளை நீந்த விடும் பெற்றோர் இதை மனதில் வையுங்கள்.

ஏன் திரும்புகிறது? வேகம் மாறுவதால். காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர், தண்ணீரில் ஏறத்தாழ 2 லட்சத்து 25 ஆயிரம். நான்கு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு தார் ரோட்டிலிருந்து உழுத கரும்புத் தோட்டத்துக்குள் சாய்வாக நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மண்ணில் கால் வைப்பவரின் நடை தளரும். மற்ற மூவரும் இன்னும் ரோட்டில் வேகமாக வருகிறார்கள். வரிசை தானாகவே தோட்டத்தின் உள்பக்கம் திரும்பும். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வரும்போது இதற்கு நேர் எதிர். முதலில் ரோட்டை மிதித்தவர் வேகம் எடுப்பார், வரிசை இன்னும் சாய்ந்து ரோட்டின் ஓரமாகப் போகும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்: ஒளி எங்கே புறப்பட்டது? வேகம் குறைந்த இடத்திலா, கூடின இடத்திலா?

வீட்டில் ஒரு பாத்திரம் எடுங்கள். அடியில் ஒரு ரூபாய் நாணயம் போடுங்கள், அதில் இருக்கும் நம் முதல் பிரதமர் ராம்கூலம் முகம் மேலே இருக்கட்டும். பாத்திரத்தின் விளிம்பு நாணயத்தை மறைக்கும் வரை பின்னால் போய் நில்லுங்கள். தலையை அசைக்காதீர்கள். தம்பியையோ தங்கையையோ மெதுவாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மறைந்த முகம் மேலே வரும். நாணயம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஒளி மட்டும் வளைந்து வருகிறது.

இனி முழு அக எதிரொளிப்பு. இந்தத் தமிழ்ச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளியில் ஆங்கிலத்தில் படித்து மனப்பாடம் செய்தபோது புரியாதது, இந்தச் சொல்லைக் கேட்டதும் புரிந்தது. அகம் என்றால் உள்ளே. ஒளி தண்ணீருக்கோ கண்ணாடிக்கோ உள்ளே புறப்பட்டு, காற்றுக்கு வெளியே போக முயலும்போதுதான் இது நடக்கும். காற்றிலிருந்து தண்ணீருக்குப் போகும்போது ஒருநாளும் நடக்காது. தேர்வில் இதை மறந்து மதிப்பெண் இழக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கரும்புத் தோட்டத்து வரிசையை நினைத்துப் பாருங்கள். வெளியேறும்போது சாய்வு கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ரோட்டின் ஓரத்தையே ஒட்டிப் போகும். அந்த எல்லைதான் மாறுநிலைக் கோணம். தண்ணீருக்கு 49 பாகைக்குக் கொஞ்சம் குறைவு, தண்ணீர்ப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்க வேண்டும். அதையும் தாண்டினால் வெளியே வழியில்லை, முழு ஒளியும் உள்ளேயே திரும்பிவிடும்.

முகமூடி போட்டு லகூனில் முங்கி மேலே பார்த்தவர்களுக்கு இது தெரியும். தலைக்கு மேல் வட்டமாக ஒரு சன்னல். வானம், படகு, கரையோரத்துச் சவுக்கு மரம் எல்லாம் அந்த வட்டத்துக்குள் சுருங்கியிருக்கும். வட்டத்துக்கு வெளியே தண்ணீரின் மேல்பரப்பு கண்ணாடி போல மின்னி, கீழே கிடக்கும் மணலையும் பவளத்தையும் காட்டும். இரண்டு மீட்டர் ஆழத்தில் அந்த வட்டம் நாலரை மீட்டர் அகலம் இருக்கும். அலை இல்லாத காலையில் போய்ப் பாருங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஒளியிழையைப் பற்றி நிறையச் சொல்ல வந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 1841ல் ஜெனிவாவில் கொலாடோன் என்பவர், பாய்ந்து விழும் தண்ணீருக்குள் ஒளியைச் செலுத்தி, தண்ணீர் வளையும்போது ஒளியும் கூடவே போவதைக் காட்டினார். அதே வேலையை மயிரிழைக் கண்ணாடி இன்று செய்கிறது. 2002ல் வந்த சேஃப் என்ற கடலடிக் கேபிள் தென்னாப்பிரிக்காவில் தொடங்கி ரியூனியன், நம் தெற்குக் கரையில் பே டு ஜாக்கோதே, கொச்சி, பினாங்கு என்று போகிறது. எல்லாமே தமிழர் வாழும் கரைகள். உள்ளே புறப்பட்ட ஒளி வெளியே கசியாமல், பக்கச் சுவரில் பட்டுப் பட்டு அவ்வளவு தூரம் ஓடுகிறது.

கடைசியாக ஒன்று. நம் மேற்குக் கரையில் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் சூரியன் கடலைத் தொடுவதைப் பார்க்கிறீர்களே, அந்த நொடியில் அது ஏற்கெனவே அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். காற்று ஒளியை வளைத்து நமக்குக் காட்டுகிறது. இன்று மாலை மேகம் இல்லையென்றால் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். வணக்கம்.