ராஜினாமா செய்ய ஆள் தேடும் சர்வாதிகாரி

நடுவர் ஐயாவுக்கும், எனக்கு முன்னால் பேசி எச்ஓஏ என்கிற வீட்டு உரிமையாளர் சங்கத்துக்குக் கருமாதியே செய்துவிட்டுப் போன எதிரணித் தம்பிக்கும் வணக்கம். அமெரிக்கப் புறநகரில் வீட்டு உரிமையாளர் சங்கம் அக்கம்பக்கத்தைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்பது தலைப்பு. பிரிக்கிறது என்று தம்பி சொன்னபோது பாதி அரங்கம் கைதட்டியது. தட்டியவர்களைப் பார்த்து வைத்திருக்கிறேன், அத்தனை பேரும் விதியை மீறிவிட்டாய் என்று சங்கம் அனுப்பும் அந்தக் கடிதத்தை ஒரு முறையாவது வாங்கியவர்கள்.

எனக்கும் வந்தது. குப்பை வண்டி வந்து போய் ஒரு நாள் ஆகியும் தொட்டி தெருவிலிருந்து தெரிகிறதாம். கூடவே ஒரு ஃபோட்டோ. கராஜ் ஓரமாக, மூடி பாதி திறந்து, பிடிபட்ட திருடன் மாதிரி என் தொட்டி நிற்கிறது. யார் எடுத்திருப்பார்கள்? எதிர்வீட்டுப் பெரியவர்தான் என்று நானே தீர்ப்பு எழுதி, மூன்று நாள் அவருக்குக் கையசைக்காமல் காரை எடுத்துக்கொண்டு போனேன். அப்புறம்தான் தெரிந்தது, எடுத்தது சங்கம் வேலைக்கு வைத்து, மாதம் இரண்டு முறை காரில் சுற்றி வரும் மேனேஜ்மென்ட் கம்பெனி ஆள், எங்கள் தெருவில் ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது. பெரியவர், பாவம், அதே கடிதத்தை இரண்டு முறை வாங்கியவர்.

அந்தக் கோபத்தில்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக எச்ஓஏ ஆண்டுக் கூட்டத்துக்குப் போனேன். நூலகத்தில் ஒரு சின்ன அறை, நாற்பது நாற்காலி, ஒன்பது பேர். எங்கள் குடியிருப்பில் 212 வீடு, கோரம், அதாவது தேர்தல் நடத்தக் குறைந்தபட்ச எண்ணிக்கை, வேண்டுமென்றால் 53 ஓட்டு, வராதவர்கள் எழுதிக் கொடுத்த ப்ராக்ஸியையும் சேர்த்து எண்ணினால் 31. ட்ரெஷரர் அம்மா கையெழுத்துத் தாளை இன்னொரு தடவை எண்ணினார், கதவைப் பார்த்தார், மறுபடி எண்ணினார். கோரம் இல்லை, அதனால் தேர்தல் இல்லை, பழைய நிர்வாகக் குழுவான போர்டே தொடரும் என்று அறிவித்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சர்வாதிகாரிகள் என்றாயே தம்பி, ராஜினாமா செய்ய ஆறு வருடமாக ஆள் தேடிக்கொண்டிருக்கிற சர்வாதிகாரியை நான் அங்கேதான் பார்த்தேன். சம்பளமும் கிடையாது அவருக்கு.

இன்னொன்று. இந்த அரங்கில் எச்1பி வேலை விசாவில் வந்து கிரீன் கார்டு வரிசையில் பத்து, பன்னிரண்டு வருடமாக நிற்கிறவர்கள் நிறையப் பேர். வரி கட்டுகிறோம், பிள்ளைகள் இங்கேயே படிக்கிறார்கள், ஆனால் மேரிலாந்தின் டகோமா பார்க் மாதிரி ஒருசில ஊர்களை விட்டால் நகர மன்றத் தேர்தலில்கூட நமக்கு ஓட்டுக் கிடையாது. எங்கள் எச்ஓஏ எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேட்கவில்லை. பத்திரத்தில் பெயர் இருக்கிறதா, வீட்டுக்கு ஒரு ஓட்டு. நிற்கிறாயா, போர்டில் இடம். கைக்கு வந்த அந்த ஓட்டை நாம் என்ன செய்கிறோம் தெரியுமா? பீட்சா கூப்பனோடு சேர்த்து, எந்தத் தொட்டிக்காகச் சண்டைக்குப் போனோமோ அதே தொட்டியில் போடுகிறோம்.

வாசல் தோரணத்தைக் கழற்றச் சொன்னார்கள் என்று தம்பி உருகினார். எங்கள் தெருவிலும் ஒரு வீட்டுக்கு அந்தக் கடிதம் வந்தது. நாம் இருக்கிற டெக்ஸாஸில் 2011இலேயே கதவில் 25 சதுர அங்குலத்துக்குள் மதச் சின்னம் வைக்கச் சட்டம் இடம் கொடுத்துவிட்டது, 2021இல் பாதுகாப்பு மாதிரி சில விதிவிலக்குகளோடு அது வீட்டு வளாகம் முழுக்க விரிந்தது. இதை ஒரு பக்கத்தில் அச்சடித்து போர்டு மேசையில் வைத்தது எங்கள் தெரு அக்கா ஒருவர்தான், கடிதம் வாபஸ். அபராதம் என்றாலும் இங்கே முதலில் சரிசெய்ய அவகாசம் கொடுக்க வேண்டும், 30 நாளுக்குள் விசாரணையும் கேட்கலாம். உங்களில் எத்தனை பேர் கேட்டீர்கள்? கடிதத்தை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுச் சிவப்பு முகம் வைத்ததோடு சரி.

வீட்டையே ஏலம் விடுவார்கள் என்றார். ட்யூஸ், அதாவது சங்கக் கட்டணம், கட்டாமல் விட்டால் அந்த அளவுக்குப் போகலாம், மறுக்கவில்லை, ஆனால் டெக்ஸாஸில் வெறும் அபராதத்துக்காக விட முடியாது. கறுப்பின மக்களை உள்ளே விடாமல் இருக்கப் பத்திரத்தில் நிபந்தனை எழுதி வைத்த வரலாற்றைச் சொன்னார், அதுவும் உண்மை. 1948இல் உச்ச நீதிமன்றம் ஷெல்லி வழக்கில் அந்த நிபந்தனைகளை மாநில நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. அப்படிப்பட்ட வரலாறு உள்ள அறையில் இன்று நம் ஆள் ஒருவர்கூட உட்காராமல் இருந்தால் அது யாருக்கு வசதி தம்பி?

சண்டை வரும், பிரிவு வரும் என்கிறார்கள். ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடைப் பார்ப்போம். 1981இல் கட்டிய பன்னிரண்டு மாடி சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத், அதுவும் உரிமையாளர் சங்கம் நிர்வகித்த அடுக்குமாடிக் குடியிருப்புதான். கட்டட அமைப்பில் பெரிய சேதம் இருக்கிறது என்று 2018லேயே இன்ஜினியர் எழுதிக் கொடுத்துவிட்டார். பழுதுபார்க்கச் செலவு ஒன்றரைக் கோடி டாலர் வரை போனது, சின்ன வீட்டுக்கே 80,000 டாலர் பங்கு. யார் கொடுப்பது, இவ்வளவு எதற்கு என்று கூட்டத்துக்குக் கூட்டம் வாக்குவாதம், 2019இல் போர்டில் பெரும்பாலோர் ராஜினாமா. 2021 ஜூன் 24 விடிவதற்குள் பாதிக் கட்டடம் சரிந்து 98 பேர் இறந்தார்கள். ஏன் விழுந்தது என்பதை நிபுணர்கள் சொல்லட்டும், கட்டும்போதே குறைகள் இருந்தன, அதைச் சங்கத்தின் தலையில் கட்டமாட்டேன். நான் பார்ப்பது நடுவில் போன அந்த மூன்று வருடத்தை. அங்கே சங்கம் அதிகமாகிப் போனதா, தம்பி, இல்லை, பொறுப்பைச் சுமக்கத் தோள் குறைந்து போனதா? பெரிய பழுதுகளுக்கான ரிசர்வ் சேமிப்பில் இவ்வளவு சேர்க்க வேண்டும், அதனால் ட்யூஸ் ஏறும் என்று யாராவது எழுந்து சொன்னால் அவரை அடுத்த வருடம் தோற்கடிக்கிறோமே, அந்த ஓட்டுக்கு மட்டும் எப்படியோ கோரம் வந்துவிடுகிறது!

புல் நீளம், பெயின்ட் நிறம், அதெல்லாம் எனக்கும் எரிச்சல்தான், அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அனுமதித்த நிறங்கள் கொண்ட அந்தப் பெயின்ட் பட்டியலை மாற்றிய கதை மட்டும் சொல்கிறேன். மாற்ற 67 சதவீத ஓட்டு வேண்டும். நானும் எதிர்வீட்டுப் பெரியவரும், ஆமாம், நான் கையசைக்காத அதே பெரியவர், ஏழு சனிக்கிழமை வீடு வீடாகக் கதவைத் தட்டினோம். பதினோரு வருடமாக நான் குடியிருக்கும் தெருவில் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு வீட்டில் தனியாக இருந்த பாட்டி ஓட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் எங்களை விடவில்லை.

மணி அடித்துவிட்டார்கள், நடுவர் ஐயா, முடித்துக்கொள்கிறேன். ஒரே ஒரு விஷயம். எதிரணித் தம்பி என் குடியிருப்புதான், அடுத்த தெரு, மூன்றாவது வீடு. வருகிற ஆண்டுக் கூட்டத்துக்கு இதுவரை 52 ஓட்டு கையில் இருக்கிறது. தம்பி, ப்ராக்ஸி படிவம் கொண்டு வந்திருக்கிறேன், பேனாவும் என்னிடமே இருக்கிறது.