கம்பைல் செய்த பிறகு யார் பார்த்துக்கொள்வது?

வணக்கம் நேயர்களே. ஒரு மென்பொருளின் மூலநிரலை இறக்கி நாமே கம்பைல் செய்துகொள்வதா (அதாவது கணினியில் ஓடும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதா), நிறுவனத்துக்குச் சந்தா கட்டி அவர்கள் தரும் பதிப்பைப் போடுவதா? சர்வர் பார்த்துக்கொள்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வந்துவிடும். பெரும்பாலும் விலையிலேயே முடிந்தும் போய்விடும். அப்படி முடியக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

கம்பைல் செய்வது ஒன்றும் மலை இல்லை. கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்று கட்டளைகள். நடுவில் விடுபட்ட லைப்ரரி, அதாவது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, ஒன்றிரண்டைத் தேடிப் போட வேண்டும், அவ்வளவுதான். உண்மையான வேலை அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

2014 ஏப்ரலில், இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் ஒரு சின்ன வசதியில் இருந்தது அது. ஒருவர் ஒரே ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு, 'நான் அனுப்பியது 64 கிலோபைட், அப்படியே திருப்பிக் கொடு' என்றால், சர்வர் அளவைச் சரிபார்க்காமல் தன் நினைவகத்தில் பக்கத்தில் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தது. அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், ரகசியச் சாவியும் இருக்கலாம்.

பேக்கேஜாக, அதாவது ஏற்கெனவே கம்பைல் செய்து தரப்பட்ட தொகுப்பாகப் போட்டிருந்தவர்கள் அப்டேட் கொடுத்து, சர்வீஸ்களை மறுபடி தொடங்கினார்கள். சொந்தமாகக் கம்பைல் செய்து தனி இடத்தில் வைத்திருந்தால் கதை வேறு. அப்படி ஒன்று இருப்பதே, பேக்கேஜ்களை நிறுவிப் புதுப்பிக்கும் பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாது. எல்லாம் புதிதாக இருக்கிறது என்று அது சொல்லும், பழைய லைப்ரரியோ உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல்லை எழுதும் மூலத்திட்டம் 1.0.1g என்ற புதுப் பதிப்பில் ஓட்டையை அடைத்தது. சந்தாவுக்கு லினக்ஸ் தரும் ரெட்ஹேட் நிறுவனம் தன் 1.0.1e பதிப்பை வைத்துக்கொண்டே அந்தத் திருத்தத்தை மட்டும் அதில் சேர்த்தது. எண் பழசு, ஓட்டை இல்லை. அதை நம்பி ஓடும் மற்ற நிரல்கள் எதுவும் தடுமாறாமல் இருக்க இப்படிச் செய்கிறார்கள். சந்தாப் பணத்துக்குக் கிடைப்பதில் இந்த வேலையும் ஒன்று. டெபியன் என்ற இலவச லினக்ஸின் தன்னார்வலர்கள் இதையே பணம் வாங்காமல் செய்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

நிறுவனங்களும் மனம் மாறும். 2029 வரை வரும் என்று எதிர்பார்த்த, ரெட்ஹேட் ஆதரவோடு வந்த இலவச லினக்ஸான சென்ட்ஓஎஸ் 8, 2021 கடைசியோடு முடியும் என 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். அதனால் பணம் கொடுத்தே வாங்கினாலும், மூலநிரல் திறந்திருக்கும் மென்பொருளையே வாங்குங்கள். சரிப்படவில்லை என்றால் வேறு இடத்துக்கு நகர வழி இருக்கும்.

கற்றுக்கொள்ளவும், பேக்கேஜில் சேர்க்காத ஒரு வசதி கட்டாயம் தேவைப்படும்போதும் தாராளமாகக் கம்பைல் செய்யுங்கள். கொடுத்த ஆப்ஷன்களை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். பாதுகாப்பு அறிவிப்பைப் படித்து மறுபடி கம்பைல் செய்யப்போவது யார், அவர் விடுப்பில் போனால் யார் என்று இரண்டு பெயர்களையும் அதிலேயே குறியுங்கள். அடுத்தவர் தகவல் இருக்கும் சர்வருக்கு அந்தப் பெயர்கள் கிடைக்கவில்லை என்றால், பேக்கேஜைப் போடுங்கள். அதற்குப் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.