மண்ணடுக்குகளைப் படிக்கச் சொல்லித்தந்த பிரிகேடியர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1944-ஆம் ஆண்டு ஜூலை மாதம், இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த ஆங்கிலேயர் ஒருவர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றுக்குள் கையை விட்டுத் துழாவினார். கையில் அகப்பட்டது ஒரு பெரிய மண்சாடியின் கழுத்தும் கைப்பிடியும். மத்தியதரைக் கடற்கரைகளில் மதுவும் எண்ணெயும் ஏற்றிய ஆம்போரா அது என்பதைத் தொட்டவுடன் அறிந்துகொண்டார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். புதுச்சேரிக்குப் பக்கத்தில், அரிக்கமேட்டில் என்றார்கள். யவனர் நற்கலத்தில் கொணர்ந்த தேறலைச் சங்கப் பாடலில் மட்டுமே அறிந்திருந்த நமக்கு, அந்தக் கலத்தின் கைப்பிடியையே எடுத்துக் காட்டிய மார்ட்டிமர் வீலரைத்தான் இன்று மாலை நினைவுகூர்கிறோம்.

1890-இல் கிளாஸ்கோவில் பிறந்த வீலர், முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றி, பெல்ஜியத்தில் பாஷெண்டேலின் சேற்றுக்களத்தில் நின்று, இராணுவச் சிலுவை விருதும் பெற்றவர். இரண்டாம் போர் மூண்டபோது, ஐம்பதை நெருங்கிய வயதிலும் மீண்டும் சீருடை அணிந்து, எகிப்தின் எல் அலமெய்ன் வரை விமான எதிர்ப்புப் படையை நடத்திச் சென்றார். இத்தாலியின் சலேர்னோவில் தரையிறங்க ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாள்களில்தான் இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது. சலேர்னோச் சண்டையையும் முடித்துவிட்டே அவர் கப்பலேறினார்.

அவருடைய படைவாழ்வை வீரக்கதையாகச் சொல்வதில் எனக்கு ஆர்வம் குறைவு. குழி வெட்டுவதில் அது என்ன செய்தது என்பதே என் அக்கறை. நம் சிங்கப்பூரின் தேசிய சேவையில் புலாவ் தெக்கோங் தீவில் பதுங்குகுழி வெட்டிய கைகள் இந்த அவையில் பல இருக்கும். குழியின் சுவர் சரியாமல் செங்குத்தாக நிற்பது எவ்வளவு பெரிய பாடு என்பதை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீலர் தம் களத்தைச் சதுரங்கப் பலகைபோலக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையே வெட்டாத மண்ணைச் சுவராக நிற்க வைத்தார். அந்தச் சுவரின் முகத்தில் சாம்பல் ஒரு கோடாகவும், வண்டல் ஒரு கோடாகவும், இடிந்த செங்கல் ஒரு கோடாகவும் தெரியும். ஒவ்வோர் அடுக்குக்கும் எண்ணிட்டுச் சீட்டுக் குத்தி, அந்த அடுக்கில் கிடைத்த பானை ஓட்டுக்கும் அதே எண்ணைத் தருவார். அதற்கு முன் இந்தியாவில், அடுக்கு எப்படிச் சரிந்து ஓடினாலும் கவலைப்படாமல், இத்தனை அடி ஆழம் என்று மட்டமாக அளந்து தோண்டும் வழக்கமே மிகுந்திருந்தது.

1944-இல் தட்சசீலத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பள்ளியில் இதைக் கற்றவர்களுள் பி. பி. லாலும் பி. கே. தாப்பரும் பின்னாளில் அவர் வகித்த தலைமை இயக்குநர் பதவிக்கே உயர்ந்தார்கள். ஆசிரியர் வீலரைப் பேசும்போது டெஸ்ஸாவை விட்டுவிடக் கூடாது. களத்தில் மாணவர்களைப் பழக்கியதிலும், லண்டனில் தொல்லியல் கல்லூரி ஒன்றை உருவாக்க உழைத்ததிலும் அவருடைய மனைவிக்குச் சம பங்கு உண்டு. 1937-இல் அந்தக் கல்லூரி திறக்கப்பட்டபோது டெஸ்ஸா உயிரோடு இல்லை.

1945-இல், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி மண்ணில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் வீலரின் அகழாய்வு நடந்தது. இத்தாலியின் அரிட்டைன் என்னும் பளபளப்பான செந்நிறக் கலங்களின் ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் துல்லியமாகத் தெரிந்திருந்ததால், கூடக் கிடைத்த தென்னிந்திய ஓடுகளுக்கும் முதன்முறையாக உறுதியான ஒரு காலக்கணக்கு அமைந்தது. தமிழ்ப் பிராமி எழுத்துக் கீறிய ஓடுகளும் அவற்றில் இருந்தன.

ஆனால் வீலர் தவறவும் செய்தார். மொகஞ்சதாரோவில் கிடந்த எலும்புக்கூடுகளைக் கண்டு ஆரியப் படையெடுப்பின் படுகொலை என்று அவர் தீர்ப்பு எழுதியதைப் பின்வந்த ஆய்வாளர்கள் தள்ளிவிட்டார்கள். போர்க்களத்தையே பார்த்துப் பழகிய கண் அது என்று எனக்குத் தோன்றும். அரிக்கமேட்டையும் ரோமானியரின் வருகையால் எழுந்த ஊராகவே அவர் கண்டார். தொல்லியல் ஆய்வாளர் விமலா பெக்லி 1980-களில் வீலரின் அறிக்கையையே எடுத்துவைத்து, அடுக்கு அடுக்காக மறுபடி படித்து, பின்னர் 1989 முதல் 1992 வரை அங்கேயே மீண்டும் அகழ்ந்து, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அந்த ஊர் உயிரோடு இருந்தது என்று காட்டினார். வீலரைத் திருத்துவதற்கான சான்றை வீலரே எண்ணிட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய முடிவுகளைவிட அந்த எண்களைத்தான் நான் மேலாக மதிக்கிறேன்.

இன்னும் ஓர் ஓட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அரிக்கமேட்டில் மெல்லிய சாம்பல் நிறத் தட்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. தட்டின் உட்புற அடியில், ஊசி முனையால் குத்தியதுபோன்ற சிறு சிறு பொளிகள் வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றி ஓடும். ரௌலட்டட் என்று பெயரிட்டு, இதுவும் மேற்கிலிருந்து வந்த சரக்கு என்றே வீலர் எண்ணினார். அது இந்தியக் குயவர் வனைந்தது என்பது பின்னர் மண்ணின் கூறுகளை ஆய்ந்தபோது தெளிவாயிற்று. அந்தத் தட்டு கிழக்கேயும் கப்பலேறியிருக்கிறது. நமக்குத் தெற்கே, பாலித் தீவின் வடகரையில் செம்பிரான் என்ற ஊரில், ஆழத்து அடுக்குகளிலிருந்து அதே வட்டங்களோடு அதன் ஓடுகள் வெளிவந்திருக்கின்றன.